விழுங்குதல், மூன்று கட்டங்கள்

மடக், மடக், மடக். சத்தம்தான் முதலில் வந்தது, முகம் பிறகுதான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், பாளையங்கோட்டையில் அப்பா குடியிருந்த வாடகை வீட்டில், உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் தையல்நாயகி. கூடத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள், அம்மா சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், பேச்செல்லாம் ஓய்ந்த ஒரு நொடியில் அது கேட்டது. சொம்பு நிறையத் தண்ணீர், உதட்டில் படாமல், நடுவில் மூச்சுக்கு நிற்காமல், மேலிருந்து ஒரே கம்பியாக ஒரு மனிதருடைய தொண்டைக்குள் இறங்குகிற சத்தம். அவசரமே இல்லாத சத்தம். தூரத்தில் யாரோ மரப்படியில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கி வருவதைப் போல. தங்கை சுகந்தி காதோடு வாயை வைத்து, "ஆத்தாடி, மாப்பிள்ளை தண்ணி குடிக்காரா, தொட்டி ரொப்புதாரா?" என்றாள். சிரிப்பு வெளியே கேட்டுவிடக் கூடாதென்று இருவரும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கினார்கள். சுகந்தி போய்ப் பதினோரு வருஷமாகிறது. அந்தச் சிரிப்பைப் பற்றித் தெரிந்தவள் இப்போது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவள் காஸ் அடுப்பின் முன்னால் நின்று கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கஞ்சியும் ஏதோ சத்தம் போட்டது. களக், களக். கண்ணை மூடினால் ஏறக்குறைய அதே சத்தம்தான் என்று தோன்றியது. இல்லை, அது வேறு, இது வேறு. கொதிப்பது யாருக்காகவும் காத்திருக்காது, குடிப்பவர் தொண்டை ஒவ்வொரு மடக்குக்கும் காத்திருந்தது. இந்த மாதிரி வித்தியாசங்களைக் காதால் பிரித்துப் பிரித்து என்ன ஆகப்போகிறது, மணி ஒன்பதாகப் போகிறது, நேற்றும் முந்தாநாளும் எட்டரைக்கே தொடங்கியும் பாதிக் கிண்ணம்கூட உள்ளே போகவில்லை.

இது மூன்றாவது நாள். அவள் கணவர் சங்கரலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்து மூன்றரை மாதம் ஆகிறது. அதில் இரண்டரை மாதமாக அவருக்கு மூன்று வேளையும் ஊட்டி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்தது மாரித்தங்கம் என்ற பெண். மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். காலையில் போன் செய்தபோது குரல் கம்மியிருந்தது. "டீச்சரம்மா, இன்னைக்கும் விடலை. நான் வந்து சார்வாளுக்கு ஒட்டிக்கிட்டா ஆரு பதில் சொல்லுதது? நாளன்னைக்கு வந்துருதேன்." நாளை மறுநாள் அல்ல, இன்று என்று சொல்ல வாயெடுத்துத் தையல்நாயகி அடக்கிக்கொண்டாள். காகிதமும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினாள். "சரி, நீ எப்படிக் குடுப்பே, அதை மட்டும் சொல்லு." "எப்படின்னா? கரண்டியிலதாம்மா." "அது தெரியுது. தலையை எப்படிப் பிடிச்சுப்பே?" "தலையவா? தலைய நான் எதுக்குப் பிடிக்கேன்? நான் பாட்டுக்குக் குடுப்பேன், அவுக பாட்டுக்குக் குடிப்பாக." அந்தப் பக்கம் இருமல். "நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியாததா." போனை வைத்த பிறகு காகிதத்தைப் பார்த்தால் அதில் 'கரண்டி' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. உங்களுக்குத் தெரியாததா. டாக்டரும் அதையேதான் சொன்னார், நேற்று சாயங்காலம். "மேடம், உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு கரண்டிக்கும் புரையேறுதுன்னா அது நுரையீரலுக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம். நிமோனியா வந்தா இந்த வயசுல தாங்காது. நாளைக்கு ஒரு நாள் பாருங்க. சரியா வரலேன்னா நாளன்னைக்குக் காலையில கூட்டிட்டு வந்திருங்க, மூக்கு வழியாக் குழாய் போட்டுருவோம்." அந்த நாளைதான் இன்று. குழாய் என்றதும் அவளுக்குத் தெரிந்தது குழாய் அல்ல, கட்டில் கம்பியில் கட்டியிருந்த ஒரு கை. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் அவர் இரண்டு தரம் அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். மூன்றாம் தரம் போட்டபோது செயலிழக்காத அந்த இடது கையை நர்ஸ் வெள்ளைத் துணியால் கம்பியோடு கட்டிவிட்டாள். நாற்பது வருஷம் மின்வாரியத்தில் கம்பமேறிய கை. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அவர் காதில் குனிந்து சொல்லியிருந்தாள்: இனிமே குழாய் கிடையாது. சத்தியமா. அவருக்கு விளங்கியதோ இல்லையோ, சொன்னவளுக்கு விளங்கியிருந்தது.

கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்து, விரல் நுனியில் சூடு பார்த்து, துண்டும் தண்ணீருமாக அறைக்குள் போனாள். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. அவர் உட்கார்ந்த வாக்கில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல மடியில் கிடந்தது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை, பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் அச்சடித்துக் கொடுத்ததை, அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள். மூன்றாவது வரிதான் முக்கியம்: முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் செய்யவும். தாளே தேவையில்லை. முப்பத்தொரு வருஷம் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவளுக்கு அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற படமே தெரியும்; கரும்பலகையில் கை எடுக்காமல் வரைவாள், நாக்கு, அண்ணம், முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல், நடுவில் குரல்வளை மூடி என்ற அந்தச் சின்ன இலை. விழுங்குதல், மூன்று கட்டங்கள். முதல் கட்டம் வாயில். அது நம் விருப்பப்படி நடப்பது. இரண்டாம் கட்டம் தொண்டையில், மூன்றாம் கட்டம் உணவுக்குழலில். அவை தாமாக நடப்பவை, நாக்கின் பின்புறத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் நம் கையில் இல்லை. ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துவாள், பின் பெஞ்சில் யாராவது வேண்டுமென்றே எச்சிலை விழுங்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் லேசாகச் சிரித்து வைப்பாள். "வாயைத் திறங்க," என்றாள் இப்போது, கட்டிலருகே நின்று. அவர் திறந்தார். கரண்டியை வைத்தாள். "இப்ப விழுங்கக் கூடாது. முதல்ல தலையைக் குனிங்க. தாடை நெஞ்சுல படணும். குனிஞ்சுக்கிட்டு, அப்புறமா விழுங்குங்க." "சரி," என்றார் அவர், வாயில் கஞ்சியோடு. மூளையின் அந்தப் பக்கம் அடைத்துப்போனதில் அவரிடம் மிஞ்சிய ஒரே சொல் அது. பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். சரி என்று சொல்லிவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தார், முகவாய் மேலே போக, தொண்டை நீள, குரல்வளை உருண்டை உந்த. கஞ்சி இறங்கியது. எங்கே இறங்கியது என்பது அடுத்த நொடியில் தெரிந்தது.

இருமல் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, எண்ணினாள், எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலே. முகம் கருஞ்சிவப்பாகிக் கண்ணில் நீர் கோத்து நின்றது. ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு மூச்சில் ஏதாவது ஈரச் சத்தம் இருக்கிறதா என்று அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். சட்டைப் பொத்தான் கன்னத்தில் அழுந்தியது. எத்தனை காலமாயிற்று இந்த நெஞ்சில் காதை வைத்து. இவரிடம் அண்ணாந்து குடிக்காதீங்க என்றால் எப்படிக் கேட்பார்? இவர் கழுத்துக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. அம்பாசமுத்திரத்தில் இவர் வீட்டில் தம்ளரில் வாய் வைத்தால் அது எச்சில். பித்தளைச் சொம்பை முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கி, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வயசுப் பிள்ளைகூடச் செய்தது. அவள் அப்பா மலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவர். அந்தக் குளிரில் பீங்கான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து உதட்டில் ஒற்றிக் குடித்துப் பழகிய குடும்பம். கல்யாணமான முதல் வாரம் அவள் தூக்கிக் குடித்த தண்ணீரெல்லாம் மூக்கில் ஏறியது, ரவிக்கையில் வழிந்தது, மிச்சம் தரையில். அத்தை, அவர் அம்மா, சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "ஏட்டி, எம்மெஸ்ஸி படிச்ச பிள்ளைக்குத் தண்ணி குடிக்கத் தெரியலையே! காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலையோ?" சொல்லித் தந்திருந்தார்கள், அதுதான் வேடிக்கை. வாய் திறந்திருக்கும்போதே மூச்சை அடக்கி எப்படி விழுங்குவது என்பதற்கு அந்த வீட்டில் இருந்த எல்லோரையும்விட அவளுக்குத்தான் காரணம் தெரியும். எந்த நரம்பு, எந்தத் தசை, எந்த வரிசை. காரணம் தெரிந்த தொண்டை தண்ணீரைப் பார்த்ததும் பயந்து மூடிக்கொண்டது.

நாலாம் நாள் அவர் கிணற்றடிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். யாருமில்லாத மத்தியானம், வாழை இலை அசையாத வெயில். "நான் குடிக்கேன், நீ பாரு." குடித்தார். மடக், மடக். "பார்த்துட்டேன். எப்படின்னு சொல்லுங்க. மூச்சை எப்ப நிறுத்துறீங்க? ஊத்துறதுக்கு முன்னாலேயா, வாய்க்குள்ள வந்த பிறகா?" "மூச்சா?" அவர் யோசித்தார். "நிறுத்துத மாதிரி தெரியலையே." "நிறுத்தாம முடியாது. நிறுத்தித்தான் ஆகணும். கவனிச்சுப் பார்த்துச் சொல்லுங்க." புது மாப்பிள்ளைக்கு இருக்கிற பணிவோடு அவர் சொம்பைத் தூக்கினார். தன் தொண்டையையே தான் பார்க்கப் போகிறவர் போல முகத்தில் ஒரு தீவிரம். கண் ஓரமாக ஒரு தரம் அவளைப் பார்த்துக்கொண்டார், ஊற்றினார், ஏழு தலைமுறையாக அந்த வீட்டில் யாருக்கும் ஏறாத புரை அவருக்கு ஏறியது. சொம்பு உருண்டு கிணற்றுச் சுவரில் இடித்தது. இருமி இருமி, கண்ணெல்லாம் நீராக, சிரித்துக்கொண்டு, "ஏ தையலு, நீ கேட்டுத்தான் எனக்கு மறந்துபோச்சு," என்றார். அன்றைக்கு அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. துறைத் தேர்வில் அவர் இரண்டு தரம் தோற்றபோது, அவள் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த ராத்திரிகளில், "இதோ இந்தச் சூத்திரம், இது ஏன் இப்படி வருதுன்னு சொல்லுங்க," என்று கேட்கிறபோது, அவர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு, "தெரியும். சொல்ல வரலை," என்பார். தெரிந்தால் சொல்ல வரும், சொல்ல வரலைன்னா தெரியலைன்னு அர்த்தம். அவள் அதைச் சத்தமாகச் சொன்னாளா, மனசுக்குள் சொன்னாளா? சத்தமாகத்தான். ஊரில் எங்கே மின்சாரம் போனாலும் பரீட்சையில் தேறின அதிகாரிகளே அவரைத்தான் ஜீப் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கம்பத்தடியில் ஒரு நிமிஷம் சும்மா நிற்பார், அப்புறம் நேராகப் பழுதில் கையை வைப்பார். இதை அவளிடம் சொன்னது அவர் இல்லை, அவர் ஓய்வுபெற்ற அன்று மாலை போட வந்தவர்கள்.

இரண்டாவது கரண்டி. "குனிங்க. குனிஞ்சாச்சா? இன்னும் கொஞ்சம்." சரி. முகம் மேலே வந்தது. பாதி வெளியே வழிந்தது, பாதி இருமலாயிற்று. மூன்றாவது கரண்டிக்கு இடது கையால் அவர் பிடரியைப் பிடித்து முன்னால் அமுக்கப் பார்த்தாள். அவருடைய கழுத்து முரண்டு பிடித்தது, கன்றுக்குட்டியின் கழுத்தைப் போல. அந்தப் பலத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. கையை எடுத்துவிட்டாள். கட்டி வைத்த கைக்கும் அமுக்கிப் பிடித்த தலைக்கும் என்ன வித்தியாசம்? அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தப்பாகப் பதில் சொல்லிவிட்டோமோ என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்னபுஷ்பம் என்ற மாணவி ஒரு வருஷம் அப்படித்தான் பார்த்தாள். செய்முறைத் தேர்வில் கரப்பான் பூச்சியின் நரம்பு மண்டலத்தைப் பூத்தொடுக்கிற மாதிரி ஒரு நூல் அறாமல் எடுத்து வைத்திருந்தாள் அந்தப் பெண். வெளியிலிருந்து வந்த தேர்வாளரே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வாய்மொழிக் கேள்விக்கு மட்டும் ஒரு பெயரும் வரவில்லை. "மேடம், கைக்குத் தெரியுது, வாய்க்கு வர மாட்டேங்குது." தையல்நாயகிதான் மதிப்பெண் தாளை இழுத்துக்கொண்டு எழுதினாள், தேறாத மதிப்பெண்ணை, நீலமையில், கை நடுங்காமல். மறு வருஷம் அந்தப் பெண் வரவில்லை. என்ன ஆனாளோ. இன்றைக்கு எதற்கு அவள்? கையில் கரண்டியோடு நிற்கிறபோதா அவள் வர வேண்டும்? இந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் வந்திருக்கிறாள். இந்தக் கை எந்தக் குழந்தைக்கும் ஊட்டியதில்லை. பிறக்கவில்லை. சுகந்தியின் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டால்கூட, "அக்கா, நீ அதைப் பரிசோதனைக் குழாய் மாதிரி பிடிச்சிருக்கே," என்பாள் அவள். வாய்களைப் படமாக மட்டும் வரைந்த கை. எல்லா வாயிலும் சிவப்புச் சுண்ணக்கட்டி, மூச்சுக்குழலுக்கு நீலம்.

துண்டு நனைந்துவிட்டது. அலசிக்கொண்டு வரலாமென்று குளியலறைக்குப் போனாள். கிண்ணத்தில் முக்கால் பாகம் அப்படியே இருந்தது. போதும், இனி ஒரு கரண்டி கொடுத்து அதுவும் தப்பிப் போனால் டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்துவிடுவது. உயிரா சத்தியமா என்று கேட்டால் பதில் தெரியாதவளா அவள்? குழாயை எடுத்துக்கொண்டு வருகிற நர்சிடம், கையைக் கட்டாதீங்க, நானே பிடிச்சுக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். நானே பிடிச்சுக்கிறேன். அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே துண்டைப் பிழிந்தாள். முழங்கால் வலித்தது, நின்றுகொண்டே ஊட்டினதில். முப்பத்தொரு வருஷம் நின்றதற்கு வராத வலி. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பியபோது சுவரோரம் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி இருந்தது, குளிக்கும்போது உட்காருகிற முக்காலி, ஒரு முழ உயரம்கூட இருக்காது. இதோடு அவளுக்குத் தினம் ஒரு தகராறு. மாரித்தங்கம் போன பிறகு பார்த்தால் இது கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத பெண் என்று முணுமுணுத்துக்கொண்டே தையல்நாயகி இதைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். இரண்டரை மாதமாக, மூன்று வேளை. எதற்காக அது அங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நேரமெல்லாம் அவள் முன்னறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், உள்ளிருந்து மாரித்தங்கத்தின் குரல் ஓயாமல் வரும், "பாத்தியளா சார், நேத்து நாடகத்துல அந்த மாமியா செஞ்ச வேலைய! வெளங்குவாளா அவ?" அவர், சரி. "எங்க தெருவுல தண்ணி லாரி வந்துச்சு பாருங்க, ஒரே அடிபிடி!" சரி. அந்தச் சரியில் ஒரு சிரிப்பு இருக்கும். அவளிடம் சொல்கிற சரியில் இல்லாத சிரிப்பு. செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து போய் அறைக் கதவைப் பாதி சாத்தியிருக்கிறாள் தையல்நாயகி, ஒரு நாள் இல்லை, பல நாள், காற்று வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு. முழங்கால் வலிக்காகத்தான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேறு எதையும் அவள் அப்போது நினைக்கவில்லை.

உட்கார்ந்ததும் அறையே மாறிவிட்டது. கட்டில் உயரமாயிற்று, அவர் உயரமானார், அவள் கண்ணுக்கு நேரே அவர் முழங்கால் போர்வை. அண்ணாந்து பார்க்க வேண்டியவள் அவளாகிவிட்டாள். கீழிருந்து பார்த்தால் அவர் முகம் வேறாக இருந்தது. கல்யாணத்தன்று மணையில் குனிந்தபடி ஓரக் கண்ணால் பார்த்த முகம். என்ன சொல்வது? மாரித்தங்கம் நாடகம் சொல்வாள், லாரி சொல்வாள். இவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஐம்பது வருஷத்தில் இவரிடம் ஒன்றை விளக்காமல், திருத்தாமல், சும்மா பேசியது எப்போது? யோசித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை, அந்தச் சத்தத்தைத் தவிர. "ஏங்க," என்றாள். "உங்க முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்க தண்ணி குடிக்கிற சத்தத்தைத்தான் நான் கேட்டேன்." அவர் குனிந்து அவளைப் பார்த்தார். கரண்டி கீழிருந்து மேலே போனது. உதடு அதைத் தேடிக் கீழே வந்தது. "எங்கப்பா வீட்டுல. பெண் பார்க்க வந்தீங்களே, அன்னைக்கு. நான் கதவுக்குப் பின்னால நிக்கேன். சுகந்தி இருக்கா பக்கத்துல." தான் என்ன பாஷை பேசுகிறோம் என்றே தெரியவில்லை அவளுக்கு, நிக்கேன் என்று வந்துவிட்டது, அம்மாவின் பேச்சு. அவர் தொண்டையில் குரல்வளை உருண்டை மேலே ஏறி, ஒரு நொடி நின்று, கீழே இறங்கியது. மடக். இருமலுக்காக அவள் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பி, தெருமுனை திரும்பி, மறைந்தது. இருமல் வரவில்லை. குனிங்க என்று சொல்ல நாக்கு துடித்தது, பல்லால் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கரண்டி. "அம்மா சொம்பைக் கொடுக்கா. நீங்க ஒரே மூச்சுல, முழுச் சொம்பையும். வெயில்ல நடந்து வந்தீங்களோ என்னவோ." மடக். அப்போதுதான் காரணம் வந்தது, ஓடி வந்து வகுப்புக்குள் நுழைகிற பிள்ளையைப் போல, தாமதமாக, மூச்சிரைக்க: பேசுகிறவர் முகத்தைத்தான் மனிதன் பார்ப்பான், அவள் மேலே நின்று பேசினாள், அவர் மேலே பார்த்தார், கீழே உட்கார்ந்தால் முகவாய் தானாகத் தாழ்கிறது. ஐந்து வரியில் எழுதலாம், படம் போட்டுப் பாகங்களைக் குறிக்கலாம். அவள் எழுதவில்லை. கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப சுகந்தி என்ன சொன்னா தெரியுமா?" கரண்டி அவர் வாய்க்குள் போய்விட்டிருந்தது, கேள்வியை முடித்திருக்கக் கூடாது, ஆனால் அது ஐம்பது வருஷமாக வாயில் நின்ற கேள்வி, நாக்கின் பின்புறத்தைத் தாண்டிவிட்டது. "மாப்பிள்ளை தண்ணி குடிக்காரா, தொட்டி ரொப்புதாரான்னு கேட்டா." அவருடைய முகத்தின் உயிருள்ள பாதி அசைந்தது. கன்னம் மேலே ஏறியது, கண் சுருங்கியது. வாயில் கஞ்சி, உள்ளே சிரிப்பு. கடவுளே, சிரிக்காதீங்க, சிரிக்கிறவன் மூச்சை உள்ளே இழுப்பான், என்ன செய்துவிட்டேன். கிண்ணம் அவள் மடியில் சரிந்தது, கஞ்சி சேலையில் தளும்பியது. சிரிப்பு அவர் தோள் வரை வந்து குலுக்கியது. உருண்டை ஏறியது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது, இறங்கியது. அப்புறம்தான் சிரித்தார், வெறும் வாயோடு, சத்தமாக, ஒரு பக்கமாக. "சரி," என்றார். அந்தச் சரி அவளுக்குச் சொன்ன சரி.

கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். மூச்சு உலர்ந்து, சீராக இருந்தது. கேட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காதை எடுக்கவில்லை. மத்தியானமும் அந்த முக்காலியில் உட்கார்ந்து அம்பாசமுத்திரத்துக் கிணற்றடியைச் சொன்னாள், சாயங்காலம் சொல்வதற்குக் கதை இல்லாமல் தெருவில் போகிறவர்களைச் சொன்னாள். டாக்டருக்குப் போன் செய்து நாளை வரவில்லை என்றாள். அப்புறம் மாரித்தங்கத்துக்குச் செய்தாள். "ஏம்மா, சாருக்கு ஊட்டும்போது அந்தச் சிவப்பு முக்காலியிலதானே உட்காருவே?" "ஆமாம்மா. எடுத்த எடத்துல வைக்கலைன்னு திட்டப் போறியளா?" "இல்லை, இல்லை. எதுக்கு அதுல உட்காருவே, அதைச் சொல்லு." அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம். "எனக்கு இடுப்பு வலிம்மா. நின்னுக்கிட்டு ஆராலே ஊட்ட முடியும்? ஏன், சார்வாள் நல்லாக் குடிச்சாகளா?" குடித்தார் என்றாள் தையல்நாயகி. காரணத்தைச் சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. சொன்னால் இனி அவள் அதை யோசித்துக்கொண்டே உட்காருவாள். போனை வைத்துவிட்டு அறைக்கு வந்தபோது முக்காலி கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பழக்கத்தில் குனிந்து தூக்கினாள், பிறகு அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

குழாய் போடவில்லை. சங்கரலிங்கம் அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். ஒன்பது மாதமும் வாயால்தான் சாப்பிட்டார். மார்கழியில் ஒரு காலை, கஞ்சியோடு போனபோது, எழுந்திருக்கவில்லை.